ஆறு மணிக்கு இழுத்த தராசு

1974 ஆகஸ்ட் 11, மாலை ஆறு மணி. முள் காட்டுவது பூஜ்யம்.

மச்சான், உங்களுக்காக டீ பாக்டரி ஸ்டோரிலிருந்து நான் எடுத்து வந்த ஸ்பிரிங் தராசு, என் அறை ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. உங்கள் விரல் நோகாமலிருக்க அக்கா கொக்கியில் சுற்றிவிட்ட பழைய வேட்டித் துணி அப்படியே இருக்கிறது. அதில் டெட்டால் வாசம் இன்னும் போகவில்லை.

ஆணி குத்தி வந்த ரணஜன்னி, அந்த டெட்டனஸ், விட்டுவிட்டது, தொண்டைக் குழாயையும் எடுத்தாயிற்று என்றார் டாக்டர். எனக்கு அது போதும். பழுது நீங்கினால் மெஷின் ஓடணும். நான் படித்தது அதுதான். நீங்களோ தம்ளரைக்கூடத் தூக்கவில்லை. கட்டில் கம்பியில் தராசை மாட்டி, இழுங்கள் என்றேன்.

"என்னைய என்ன கொழுந்துன்னு நெனச்சியா மாப்ள, நிறுத்துப் பாக்குறே?" என்று சிரித்தீர்கள். இழுத்தீர்கள். இரண்டு கிலோ. பாக்டரியில் மெஷின் பெல்ட்டை ஒற்றை ஆளாக மாட்டிய கை அது.

தினமும் வேலை முடிந்து மாட்டுப்பட்டியில் பஸ் பிடித்து, ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து நோட்டில் குறித்தேன். ஒரு நாள் இரண்டரை. மறுநாள் மறுபடியும் இரண்டு. அன்றைக்கு அக்கா உங்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"பச்சப்புள்ளையா நீங்க? சொந்தக் கையால குடிச்சாத்தானே பலம் வரும்? சும்மா நடிக்காதீங்க."

நர்ஸ் சேச்சிதான் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "நடிப்பு ஒண்ணும் இல்ல. இத்தன நாள் சீரியஸா கிடந்தா சதை உருகிப்போகும். மூச்சு விடுறதும் சதைதான், தெரியுமா?" என் காதில் ஏறவில்லை.

தராசு மாட்டிய பத்தாம் நாள் சளி அடைத்தது. இருமித் துப்பப் பலமில்லை உங்களுக்கு. ஆறு மணிக்கு நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நேற்றுத்தான் அக்கா வாயைத் திறந்தாள். பகலெல்லாம் எதையும் தொட மாட்டீர்களாம். "நீயே ஊட்டு புள்ள. கையில இருக்கிற தெம்பச் சேத்து வெக்கிறேன். சாயங்காலம் அவன் வருவான். முள்ளு கொறஞ்சா மூஞ்சி தொங்கிப்போவும் பயலுக்கு" என்பீர்களாம்.

எஸ்டேட் லைன் வீடுகளில் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது. இங்கே நான் மட்டும். சற்று முன் நானே இழுத்துப் பார்த்தேன். பதினெட்டு கிலோ. என்ன பிரயோசனம்?

இனிச் செய்ய வேண்டியவை:

1. நாளை தராசை ஸ்டோரில் ஒப்படைப்பது. துணி மட்டும் என்னிடம் இருக்கும்.
2. நர்ஸ் சேச்சியைப் பார்த்து, அவர் சொன்னதுதான் சரி என்று சொல்வது.
3. அக்காவிடம் மன்னிப்புக் கேட்பது. கத்தாமல்.
4. ஆறு மணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மச்சான்.