ஐஸ் அறைக்குள் இறங்கிப் போனவளுக்கு

நேற்று காலை அவசரத்தில் தோசைக்கல் மணிக்கட்டில் பட்டுவிட்டது. பெரிய காயமில்லை, ஒரு கோடாகச் சிவந்திருந்தது. வேலைக்குப் போகும் வழியில், டோல்கேட்டில் பஸ் மாறும்போது, மருந்துக் கடையில் தீக்காயக் களிம்பு ஒன்று வாங்கினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே மூடியைத் திருகினேன். அந்த வெள்ளைக் களிம்பின் வாசனை மூக்கில் ஏறியதும், எதிரே ஊர்ந்துகொண்டிருந்த கண்டெய்னர் லாரிகளும் அவற்றின் ஹாரனும் எங்கோ போய்விட்டன. தீக்காய வார்டில் உன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். நான் ஏற வேண்டிய பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

நீ போன பிறகு உன்னிடம் பேச உட்காருவது இதுதான் முதல் முறை.

ராயபுரத்தில் ஏதோ ஒரு கல்யாண மண்டபம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிரியாணி ஆர்டர் எடுத்திருந்தீர்கள். அரிசி வெந்து, தேக்சா அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும் நேரத்தில் பிடிதுணி நழுவி, கொதிக்கிற கஞ்சி முழுவதும் உன் இடது தொடையிலிருந்து பாதம் வரைக்கும் கொட்டியது. திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில், கேட் பாஸ் போடும் என் மேசைக்கு போன் வந்தது. "தங்கச்சி, ஒடனே வாம்மா. அவ மேல கஞ்சி கொட்டிகிச்சு" என்றார் உன் வீட்டுக்காரர்.

முதல் தடவை கட்டுப் பிரித்தபோது அவர்தான் உன் பக்கத்தில் நின்றார். ஆட்டுத் தொடையை ஒரே வெட்டில் இரண்டாக்குகிற மனிதர், உன் காலைப் பார்த்ததும் கண் சொருகி சுவரோடு சரிந்து விழுந்தார். நர்ஸ், "இவரை வெளியே கூட்டிட்டுப் போங்க. யாராவது லேடீஸ் வாங்க" என்றாள். அன்றிலிருந்து உன் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது.

வலிக்கு ஊசி போட்டுத்தான் கட்டுப் பிரிப்பார்கள். ஆனாலும் ஒட்டிப்போன துணியை உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி எடுக்கும்போது நீ கத்திய கத்தலை நான் அதற்கு முன் எந்த மனித வாயிலிருந்தும் கேட்டதில்லை. நாம் சின்ன வயதில் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். குடச் சண்டையில் நீ தெருவையே கூட்டுவாய். அந்தத் தொண்டைதானா இது என்று உன் வாயையே பார்த்தேன். முடிந்து கட்டிலுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "அடுத்த தபா என்னை உள்ள இட்டுகினு போவாதடி. அப்டியே வுட்டுடு. செத்தாலும் பரவால்ல."

நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டாய். கட்டு மாற்றும் நாள் நெருங்கினால் முந்தைய நாளே காய்ச்சல் வந்துவிடும். சீழ் பிடித்துவிட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். உன்னிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

அப்போதுதான் அந்த மனநல ஆலோசகர் உன் கட்டிலுக்கு வந்தார். நம்மைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன்வசியம், அதாவது செல்ஃப் ஹிப்னாஸிஸ், என்று ஒரு பயிற்சி இருக்கிறது, பழகிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

நீ அந்த நிலையிலும் விடவில்லை. "இன்னா மேடம், எலுமிச்சம்பயம் சுத்துவீங்களா? இல்ல, கண்ணு முன்னாடி செயினு ஆட்டுவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "நான் ஒண்ணும் செய்யமாட்டேங்க. செய்யப்போறது நீங்கதான். நான் வழி மட்டும் சொல்றேன். ஊசி மருந்து எதையும் நிறுத்தப்போறதில்ல, இது அதுக்கு ஒத்தாசை."

உன் கண்ணுக்கு நேரே ஏதாவது ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். நீ ஃபேனின் நடுவில் இருந்த துருவைப் பிடித்துக்கொண்டாய். மூச்சை இழுப்பதைவிட விடுவது மெதுவாக இருக்கட்டும் என்றார். இமை கனக்கும்போது மூடிக்கொள்ளச் சொன்னார். பிறகு, மனசுக்குள்ளே படிப்படியாகக் கீழே இறங்கி, உனக்குப் பிடித்த ஓர் இடத்துக்குப் போகச் சொன்னார். "ஒரு தோட்டம்னு வெச்சுக்குங்க. பூ இருக்கு, புல்லு இருக்கு..."

நீ கண்ணைத் திறந்துவிட்டாய். "மேடம், நான் பொறந்ததுலேந்து தோட்டத்துல குந்துனதே இல்ல. வேற எடம் போலாமா?"

"உங்க இஷ்டம். எங்க போகணும்?"

நீ மறுபடி ஃபேனின் துருவைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "காசிமேட்டுல எங்க அத்தா ஐஸ் ஃபேக்டரில வேலை செஞ்சாரு. வெயில் காலத்துல ஸ்கூல் வுட்டதும் அங்க ஓடிருவேன். பெரிய பெரிய ஐஸ் பாளம் அடுக்கி வெச்சிருப்பாங்க. உள்ள போனா பொகை மாரி வரும். அத்தா கோணிய போட்டு என்னை அதும்மேல குந்த வைப்பாரு."

அந்தப் பெண் உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "இதைவிட நல்ல இடம் நானே சொல்லியிருக்க முடியாது" என்றார்.

அதற்குப் பிறகு நீ செய்தது உழைப்பு. காலையில் காபிக்கு முன்னால், மதியம் வார்டு அடங்கிய பிறகு, சாயங்காலம் பார்வையாளர் கூட்டம் போனதும், ஃபேனின் துருவைப் பார்த்து, மூச்சை விட்டு, இறங்குவாய். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. "படில பாதி வரேன், பக்கத்து பெட்டு ஆயா இருமுது, மறுபடி மேல வந்துடறேன்" என்று எரிச்சல்படுவாய். அடுத்த முறை, இருமலையும் கூடவே கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும் என்று நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். அந்த அறையின் மரக்கதவு எப்படி இருக்கும், தாழ்ப்பாள் கையில் எப்படி ஒட்டும், பாளத்தின் மேல் எந்த நிறத்தில் உமி ஒட்டியிருக்கும் என்று தினமும் எனக்கு ஒன்று சொல்வாய். அதை நீ நினைவிலிருந்து எடுக்கிறாயா, அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாயா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

பிறகு அந்த நாள். கத்திரி வெயில். டிரெஸ்ஸிங் அறையில் ஃபேனும் ஓடவில்லை, நர்ஸின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. நீ கூரையில் ஏதோ ஒன்றைப் பார்த்தாய். இமை மூடியது. மூச்சு நீண்டது. நர்ஸ் துணியில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, வரப்போகும் கத்தலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கத்தல் வரவில்லை. உன் புருவம் ஒருமுறை சுருங்கியது, பிறகு விரிந்தது. துணி ஒரு ஓரத்தில் பிரிந்து வந்தது. அடுத்த ஓரமும் வந்தது. அப்போது என் விரலுக்குக் கீழே உன் தோல் மாறுவதை உணர்ந்தேன். குனிந்து பார்த்தேன். உன் முன்கை முழுவதும் மயிர் சிலிர்த்து, புள்ளி புள்ளியாக நின்றது. உதடு லேசாக நடுங்கியது. வெளியே தார் உருகும் வெயிலில், வியர்வையில் நனைந்த எங்கள் நடுவில், உனக்குக் குளிரெடுத்தது.

நர்ஸும் பார்த்துவிட்டாள். கையிலிருந்த இடுக்கியை அப்படியே நிறுத்தி, "ஜுரமா?" என்று உன் நெற்றியைத் தொட்டாள். சுடவில்லை. என்னைப் பார்த்தாள். "ஐஸ் ரூம்ல கீறா" என்றேன். எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் வேலையைத் தொடர்ந்தாள், ஆனால் அதன் பிறகு அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தொழுகை நடக்கும் இடத்தில் நிற்பவர்கள் மாதிரி எல்லோரும் அடங்கிப்போனார்கள். நான் கோயிலுக்குப் போகிறவள், தீமிதி பார்த்தவள், சாமியாட்டம் பார்த்தவள். எங்கேயும் எனக்கு உடம்பு அப்படி ஆடிப்போனதில்லை. ஒரு மனுஷி, கண்ணை மூடிக்கொண்டு, தன் உடம்பைத் தானே கையைப் பிடித்து வேறோர் இடத்துக்குக் கூட்டிப் போனதை, அவள் கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலிக்கவே இல்லையா என்று பிறகு கேட்டேன். "அய்ய, வலி இல்லாம இன்னா? நல்லா வலிச்சிது. ஆனா அது கதவுக்கு வெளிய நின்னுகினு தட்டிகினு இருந்திச்சு. நான் தொறக்கல, அவ்ளோதான்" என்றாய். அன்று மதியம் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

கால் ஆறியது. தோல் சுருங்கி, நிறம் மாறி, நடக்கும்போது லேசாக இழுத்தாலும், கால் உன்னுடையதாகவே இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் வேறொன்று தொடங்கியது. கேஸ் அடுப்பு பற்றும் அந்த 'பக்' சத்தம் கேட்டாலே நீ தெருவுக்கு ஓடினாய். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்வாய். பிரியாணி ஆர்டர்தான் வீட்டுக்குச் சோறு. உன் வீட்டுக்காரர் தனியாகச் சமாளித்துப் பார்த்து, பாதி ஆர்டரை விட்டுவிட்டார். "தங்கச்சி, அவ பக்கத்துல நின்னு உப்பு பாத்தா போதும். அவ நாக்கு இல்லாம எனக்கு கை ஓடமாட்டேங்குது" என்று என்னிடம் வந்து சொன்னார்.

நீ மறுபடி உட்கார ஆரம்பித்தாய். இந்த முறை வார்டுக் கட்டில் இல்லை, வீட்டு வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் ஐஸ் அறைக்குப் போய் மனசை அடக்குவாய். பிறகு அங்கிருந்தபடியே, அடுப்புக்குப் பத்தடி தள்ளி நிற்கும் உன்னைப் பார்ப்பாய். அது பழகியதும் இன்னும் கொஞ்சம் கிட்டே. பிறகு தீப்பெட்டி கையில். நீ எல்லாவற்றையும் முதலில் கண்ணுக்குள்ளே செய்து முடித்துவிட்டுத்தான் வெளியே செய்தாய். ஒருமுறை அவசரப்பட்டு நிஜ அடுப்பின் முன் போய் நின்று, சுவாலையைப் பார்த்ததும் தீப்பெட்டியை எறிந்துவிட்டு என் வீடுவரை ஓடிவந்து அழுதாய். "இது மந்திரம் இல்லடி. மந்திரமா இருந்தா ஒரே தபால வேலை செஞ்சிருக்கும்" என்றாய். மறுநாள் மதியம் போனபோது அதே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லி ஆளனுப்பினாய். பின்கட்டில் விறகடுப்பு, மேலே தேக்சா. உன் வீட்டுக்காரர் தள்ளி நின்றார். நீ குச்சியை உரசினாய். கை ஆடியது. மூச்சை நீளமாக விட்டாய். கை ஆட்டம் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். விறகு பற்றியது, நீ நகரவில்லை. அன்று கஞ்சியை வடித்ததும் நீதான். ஆவியில் முகம் மறைந்து, ஆவி விலகி, முகம் மறுபடி வந்தபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அந்த மனிதர் தலைத் துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

எனக்கும் நீதான் இதைச் சொல்லிக்கொடுத்தாய். யார்டு கேட்டில் டிரைவர்களின் கூச்சல், துறைமுகத்துக்குப் போக வழியில்லாமல் வரிசையில் நிற்கும் லாரிகள், எல்லோருக்கும் கோபம், எல்லாக் கோபத்துக்கும் முன்னால் என் ஜன்னல். தாடையை இறுக்கி இறுக்கி எனக்குத் தலைவலி தீராத வியாதியாகிவிட்டது. "குந்துடி" என்று உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தாய். எனக்கு ஐஸ் அறை வரவில்லை. "என் எடம் ஒனக்கு இன்னாத்துக்கு? ஒனக்குன்னு ஒண்ணு இல்லாமலா போவும்?" என்றாய். தேடித் தேடி, எண்ணூர் பக்கம் போகும் மின்சார ரயிலில், கூட்டமில்லாத மதிய நேரத்து லேடீஸ் பெட்டியில், ஜன்னலோர இருக்கை எனக்குக் கிடைத்தது. அங்கே யாரும் என்னிடம் பாஸ் கேட்பதில்லை. ஆனால் எனக்கு அது பாதிதான் கைகூடியது. கேட்டிலேயே கண்ணை மூடி உட்காரவா முடியும் என்று விட்டு விட்டுத்தான் செய்தேன்.

போன வருடம் நோன்பு முடிந்த கொஞ்ச நாளில், ஒரு மதியம், நீ அந்த நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். உன் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, எப்போதும்போல மிக்ஸியை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தார். பால்காரர் வந்தபோது உதட்டில் விரல் வைத்துக் காட்டி அனுப்பினார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் நீ எழுந்திருக்கவில்லை என்றதும்தான் தோளைத் தொட்டிருக்கிறார். இதயம் நின்றுபோயிருந்தது என்றார்கள். "வலிச்சிருக்குமா தங்கச்சி? கூப்ட்டாளோ, எனக்குக் கேக்கலியோ?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். உன் முகத்தை நான் பார்த்தேன். டிரெஸ்ஸிங் அறையில் பார்த்த அதே முகம், புருவத்தில் ஒரு சுருக்கமில்லை. அதை அவரிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

அதன் பிறகு என் தலைவலி கூடியது. போன மாதம் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். குழாய் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் தலையை நுழைத்துப் படுக்க வேண்டும், அசையக்கூடாது. உள்ளே தள்ளியதும் கூரை மூக்குக்கு மேலே வந்துவிட்டது. மூச்சு அடைத்தது. கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள். அழுத்தப் போனேன். இயந்திரம் இடிக்கிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது.

அமைதியாக இரு, அமைதியாக இரு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே வேறொரு குரல் பேசியது. "இன்னா அவசரம்? மெதுவா வா. சத்தத்தையும் கூட்டிகினே வா, அது பாட்டுக்கு வரட்டும். மூச்ச வுடு. இன்னும் வுடு. அவ்ளோதான், ஒரு படி."

பேயில்லை, கனவில்லை, எனக்குத் தெரியும். என் மனசுதான் எனக்குச் சொல்கிறது. ஆனால் தன்னிடம் தான் பேச அதற்கு வேறு பேச்சு தெரியவில்லை, உன் பேச்சைத்தான் எடுத்துக்கொள்கிறது. ரயில் பெட்டி வந்தது. கால் நீட்டி உட்கார்ந்தேன். தாடை தளர்ந்ததை, நாக்கு பல்லை விட்டு விலகியதை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள்ளே இவ்வளவு இடம் இருந்ததா, இத்தனை வருடம் இதை விட்டுவிட்டு அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பின்னாலேயே இருந்தேனா என்று ஆச்சரியமாக இருந்தது.

வெளியே இழுத்தபோது அங்கிருந்த பெண் என் கன்னத்தைத் தட்டினாள். தலையில் பயப்பட ஒன்றுமில்லை என்று மறுநாள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த நிமிடம் எனக்கு அதைப் பற்றிய கவலையே இல்லை.

"அசையாம இருந்தீங்களே, பெரிய விஷயம். பாதிப் பேர் உள்ள கத்துவாங்க. தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. என் தோஸ்து கூட பேசிகினு இருந்தேன்" என்றேன்.