சுழி போடாத கடிதம்

உ
காஜா பெராங், மலாக்கா
சுபானு வருஷம், வைகாசி 6

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இந்த நிமிஷம் வரை சுகம், ஈப்போவில் நீ வேளைக்கு ஏதாவது தின்று காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா என்பதே எனக்கு ராப்பகல் யோசனை. தபாலை எல்லாம் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால் லாரி ஓட்டும் தம்பிராஜா இதைக் கருவாட்டு மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறார். நாற்றத்துக்கு முகம் சுளிக்காதே, கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவன்தானே நீ.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டொரு நாளில் என் கையெழுத்திலேயே தபாலில் இன்னொரு கடிதம் வரும். அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்பட்டு வா என்று இருக்கும். நம்பாதே, எனக்கு ஒன்றுமில்லை. ஆள் சேர்க்கும் ஆபீஸிலிருந்து நல்லையா வந்து எதிரே உட்கார்ந்து எழுத வைத்தான். வெள்ளைக்காரத் துரையிடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அதே நல்லையாதான், அன்று அவனுக்குக் குடை பிடித்தான், இன்று ஜப்பான்காரனுக்குப் பிடிக்கிறான். சயாமில் ரயில் பாதை போட இரண்டு ஆண்கள் உள்ள வீட்டில் ஒருவர் போயே ஆகவேண்டுமாம், மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாமாம். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, ஒரு வரிக் கடுதாசி இல்லை. மறுத்திருந்தால் அப்போதே அப்பாவை இழுத்துக்கொண்டு போயிருப்பான், அதனால் எழுதினேன். ஆனால் தலைப்பில் பிள்ளையார் சுழி போடவில்லை, வருஷமும் அவன் சொன்னபடி ஜப்பான் கணக்கில் 2603 என்றே போட்டேன். அவன் அதைக் கவனிக்கவில்லையோ, கவனித்தும் சும்மா இருந்தானோ, தெரியாது. இனி சுழி இல்லாமல் எது வந்தாலும் அம்மா மனசறிந்து எழுதியதில்லை என்று வைத்துக்கொள்.

அப்பாவைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். போன மாதம் பண்டார் ஹிலிர் பக்கம் போனவர், காவல் நின்ற ஜப்பான்காரனைக் கண்டதும் பழக்கத்தில் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டார். கையைத் தொடையோடு ஒட்டிவைத்து இடுப்பு வரை குனியவேண்டுமாம். கேலி செய்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, துப்பாக்கிக் கட்டையால் அடித்து வெயிலில் நிற்க வைத்துவிட்டான். இடது காது இன்னும் கேட்கவில்லை. துரையின் மோட்டாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்தான் அவர், உன் தாத்தாவோ ஊரில் பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். ராமன் ஆண்டாலென்ன ராவணன் ஆண்டாலென்ன என்று சும்மா சொல்கிறார்கள், வந்தவன் எல்லாம் முதலில் கேட்டது நம் முதுகைத்தான்.

நீ வராவிட்டால் வரும் வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டிப் போவார்கள். அவருக்கு ஐம்பத்து நாலு வயது. எங்கேயாவது ஒளிந்துகொள்ளுங்கள் என்று அழுதேன். அவரோ, நான் ஒளிந்தால் அவனைத் தேடி ஈப்போவுக்கே ஆள் போகும், நான் வாழ்ந்தாயிற்று, வராதே என்று அவனுக்கு எழுது என்கிறார். எந்தப் பக்கம் அறுத்தாலும் என் சதைதானே. கம்போங் செட்டியிலிருந்து மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்த அலமேலு, சத்தமாக அழாதே அக்கா, சந்தில் காது இருக்கிறது என்று அந்தச் செட்டிமார் வீட்டில் பேசும் மலாயில் சொல்லி என் வாயைப் பொத்தினாள்.

சயாமில் போய் அடிபடக்கூடாது என்று அப்பா தினமும் காலையில் கிணற்றடியில் குனிந்து பழகுகிறார். நேற்று கோயிலுக்குப் போனோம். தீபாராதனை காட்டும்போது பார்த்தால், கை இரண்டையும் தொடையோடு ஒட்டிவைத்து அம்மனுக்கு முன்னால் விறைப்பாகக் குனிந்து நிற்கிறார். அவருக்கே தெரியவில்லை. நான்தான் அவர் கைகளைப் பிடித்துச் சேர்த்துவைத்தேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கிடைத்தால் விடாதே. வெளியே எவனைக் கண்டாலும் குனிந்து போ, ரோஷம் பார்க்காதே. நான் செத்துப்போனேன் என்றே சேதி வந்தாலும் மலாக்கா பக்கம் வராதே. பதில் எழுதாதே, இதைப் படித்ததும் அடுப்பில் போடு. அம்மன் காவலில் நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் மறக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவுக்காக ஒரு தடவை கை கூப்பிக் கும்பிடு.

உன் அம்மா
சிவகாமசுந்தரி