கோல்மன் அடைத்த பிணப்பாதை

அன்பு மகன் ஃபெஸ்டஸுக்கு,

நானும் மாடுகளும் சுகம், மழைக்கும் ஒரு குறைவுமில்லை. பெர்த் வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, உனக்கு உன் அப்பாவின் தோல், சீக்கிரம் பொசுங்கிவிடும்.

நல்ல சேதி ஒன்று. கோல்மன் மானியனின் அம்மா சபீனா போய்ச் சேர்ந்துவிட்டாள். முகம் சுளிக்காதே, முழுசாகப் படி. உன் அப்பாவின் பெட்டியை நீங்களெல்லாம் தோளில் சுமந்து கல்லறைக்குப் போனபோது, அவன் நிலத்து வழியாகப் போகிற பழைய பாதையில் இரும்புக் கதவைப் போட்டுப் பூட்டிக்கொண்டு நின்றானே, அது எனக்கு மறக்குமா? பிணம் போன வழி ஊருக்குச் சொந்தம், அப்புறம் யாரும் அடைக்கக்கூடாது என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கு அந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு வீடு கட்ட ஆசை. கார் ரோட்டுல கொண்டு போங்க, செத்தவருக்கு என்ன தெரியவா போகுதுன்னு சிரித்தான். பெட்டியைத் திருப்பினோம். என் புருஷன் மைல்ஸைத் திருப்பி அனுப்பினான், பாவி.

சபீனா படுக்கையில் விழுந்ததும் தினமும் சோடா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். நான் மனசு மாறிவிட்டேன் என்று நினைத்து கோல்மன் எனக்கு டீ போட்டுத் தந்தான், மடையன். நான் கிழவி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னேன். கார் ரோட்டு வழியாகக் கல்லறைக்குப் போன பிணங்கள், முன்னே செத்த தங்கள் சனத்தோடு சேர வழி தெரியாமல் ஈரத்தில் அலைகிற கதைகள்தான், வேறென்ன. அவள் நடுங்கிப்போனாள். ஃபாதர் முன்னால், அக்கம்பக்கம் எல்லாரும் கேட்க, என்னைப் பழைய வழியிலதான்டா தூக்கிட்டுப் போகணும், சத்தியம் பண்ணுன்னு மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் ஒன்றும் தெரியாதவள் போல ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

தன் கையாலேயே கதவைக் கழற்றினான். ஊரே பெட்டிக்குப் பின்னால் நடந்தது. இனி அவன் வீடு கட்டின மாதிரிதான். இப்போது என் மாடுகளை அவன் ஜன்னலை ஒட்டித்தான் ஓட்டிப் போகிறேன், வேண்டுமென்றே மெதுவாக. சபீனா மட்டும், நீ சொல்லலேன்னா நான் அலைஞ்சிருப்பேன் டெலியான்னு என் கையை முத்தமிட்டுவிட்டுச் செத்தாள். அது உறுத்துகிறது. உறுத்தட்டும், வருத்தப்பட மாட்டேன்.

கன்னி மரியாள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே. என் முறை வரும்போது அந்த வழியாகவே தூக்கு. கோல்மன் வாசலில் பெட்டியை இறக்கி இளைப்பாறுங்கள். இறக்கிய இடத்தில் ஆளுக்கொரு கல் போடுவது நம் வழக்கம், அந்தக் குவியலைத் தொட எவனுக்கும் துணிச்சல் வராது. பெரிய கல்லாகப் பார்த்துப் போடச் சொல்.

உன் அம்மா,
டெலியா