சோற்றுக்கு வழி சொன்ன அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காலை பக்கத்துக் கடையில் யாரோ பருப்பை அடிப்பிடிக்க விட்டுவிட்டார்கள். அந்தக் கருகல் வாடை சுவரைத் தாண்டி என் அடுப்படிக்கு வந்தது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். கடைசியில் ஒரு கருகிய பருப்புதான் என்னை உட்காரவைத்தது. நீங்கள் இருந்தால் இதற்குச் சிரித்திருப்பீர்கள். இதைப் படிக்க நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். மிஷன் பள்ளியில் நாலாவது வரைக்கும் படித்த எழுத்தை வேறு எதற்கு வைத்திருக்கிறேன்?

நான் முதன்முதலில் ஈப்போ ஸ்டேஷனில் இறங்கிய நாள் உங்களுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோய் ஒரு மாசம் ஆகியிருந்தது. தோட்டக் கூலிகளின் லயத்தில் எங்கள் அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஈப்போவில் ஒரு துரை வீட்டுக்குச் சமையல்காரி வேண்டும் என்று யாரோ சொல்ல, ஐந்து வயது எஸ்தரையும் இரண்டு சட்டிகளையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். துரை வீட்டு வாசலிலேயே பதில் கிடைத்துவிட்டது. வேறு ஆள் வந்துவிட்டதாம். வந்த வழியே நடந்து ஸ்டேஷன் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். திரும்பும் ரயில் மத்தியானத்துக்கு மேல்தான்.

பிள்ளைக்குப் பசி. காலையில் ஆக்கி எடுத்து வந்த சோற்றையும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பையும் பிரித்தேன். வாடகை மோட்டார்கள் நிற்கும் வரிசையிலிருந்து நீங்கள் மூக்கை முன்னால் விட்டுக்கொண்டு வந்தீர்கள். காக்கிச் சட்டை, நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. இந்தச் சோறு எந்தக் கடையில வாங்கினது? இப்படி வாசம் வாரக் கடை ஒண்ணு எனக்குத் தெரியாம ஈப்போவுல இருக்கா?"

"வாங்கல அண்ணே. நான் ஆக்கினது."

எஸ்தர்தான் ஒரு கவளத்தை எடுத்து உங்களிடம் நீட்டினாள். நீங்கள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றீர்கள்.

"இப்ப எங்க போற?"

"சுங்கை சிப்புட்டுக்குத்தான். ஆனா அங்கயும் இடமில்ல."

"அப்புறம் எதுக்குப் போற?"

நான் எஸ்தரின் வாயைத் துடைத்தேன். நீங்கள் சட்டியைத் தூக்கி மோட்டாரில் வைத்தீர்கள்.

ஸ்டேஷனிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த ஹைனான் சீனரின் கோப்பிக் கடைக்கு எங்களைக் கூட்டிப் போனீர்கள். தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் அந்த முதலாளி மெலிந்த மனுஷர், பேசுவதே குறைவு. மிச்சமிருந்த குழம்பைச் சோற்றில் ஊற்றி அவர் முன்னால் வைத்தீர்கள். முதல் வாயிலேயே "பேடாஸ், பேடாஸ்" என்று துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மலாயில் காரம் என்று அர்த்தம் எனக்கும் தெரியும். போச்சு என்று நினைத்தேன். அவரோ தட்டை வழித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மறுநாள் அந்தக் கடையின் ஓரத்தில் எனக்கு ஓர் அடுப்பும், பின்னால் படுக்க ஓர் அறையும் கிடைத்தன. அவர் கோப்பி போடுவார், நான் சோறு போடுவேன் என்று ஏற்பாடு.

ஆனால் அடுப்பு இருந்தால் போதுமா? ஆள் வர வேண்டுமே. அந்த ஆட்களை அனுப்பியது நீங்கள்.

ரயிலைவிட்டு இறங்கி வருகிறவர்கள் உங்களிடம் முதலில் கேட்பது இடத்துக்கு வழி அல்ல, சோற்றுக்கு வழிதான். நீங்களும் உடனே சொல்லிவிட மாட்டீர்கள். ஆளை மேலும் கீழும் பார்ப்பீர்கள். "பசிக்குதா, இல்ல ருசியா வேணுமா?" என்று கேட்பீர்கள். பசி என்றால் ஆற்றங்கரையில் பெரிய தட்டில் குவித்துப் போடும் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடை. ருசி என்றால் வேறு இடம். பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கி, வயிறு கெட்டுப்போய் வந்தவர்களுக்குச் சந்தைக்குப் பக்கத்துச் சீனக் கிழவரின் வெள்ளைக் கஞ்சி. "ரெண்டு நாளைக்கு இதைக் குடிங்க. அப்புறம் வந்து என்னைப் பாருங்க, நல்ல கடை சொல்றேன்" என்பீர்கள், வைத்தியர் மாதிரி. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு மரத்தடியில் வாழை இலைப் பொட்டலமாகத் தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அக்கா. அங்கேயும் "பிள்ளைக்குக் காரச் சம்பால் வேணாம்னு சொல்லுங்க" என்று மறக்காமல் சேர்ப்பீர்கள். காலை ரயிலில் வரும் கணக்கெழுதும் கிராணிமாருக்கு இட்டிலி எந்தக் கடையில் எத்தனை மணிவரைக்கும் பஞ்சாக இருக்கும், எப்போது கல்லாகும் என்பதுகூட உங்களுக்குத் தெரியும். லகாட்டில் ஈயம் தோண்டும் லம்பத்துப் பக்கம் ஒருவர் சுடும் வாத்துக்காக ஒரு துரையையே நீங்கள் அழைத்துப் போனதாக மற்ற டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

மத்தியானச் சாப்பாடு என்றால் என் கடை. குழம்பு என்ன மீன் என்பதைக் காலையிலேயே வந்து கேட்டுக்கொண்டு போவீர்கள். நான் எத்தனையோ தடவை சும்மா சாப்பிடச் சொல்லியும் நீங்கள் கேட்டதில்லை. "சும்மா தின்ன நாக்கு நெசம் பேசாது தங்கச்சி" என்பீர்கள்.

ஒரு தடவை நான்கைந்து பேர் உங்களிடம் என் கடைக்கு வழி கேட்டுவிட்டு, "அந்தம்மா என்ன ஆளுங்க?" என்று இழுத்தார்களாம். நீங்கள் மோட்டாரைத் துடைத்துக்கொண்டே, "நான் சோத்துக்கு வழி சொல்றவன்லா. சம்பந்தம் பேசுறவன் இல்ல" என்றீர்களாம். அவர்களில் இரண்டு பேர் வந்து சாப்பிட்டுவிட்டு இதை என்னிடமே சொன்னார்கள். ஒருவருக்குத் தலை நிமிரவில்லை. அவர்தான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். இதை நீங்கள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

மூன்றாம் வருஷம் நடந்ததை இப்போது எழுத வேண்டும். அதை எழுதாமல் இந்தக் கடிதம் நிறையாது.

திடீரென்று கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. பன்னிரண்டு மணி ரயில் வந்து போகும். வழக்கமான நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மிச்சச் சோறு சட்டியிலேயே ஆறிப்போகும். மூன்றாம் நாள், ரயில்வேயில் வேலை செய்யும் வாடிக்கைக்காரர் ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஸ்டேஷன்ல அந்த அண்ணன் எல்லாரையும் வேற கடைக்கு அனுப்புறார்லா."

கரண்டியை அப்படியே போட்டுவிட்டு நடந்தேன். நீங்கள் மற்ற டிரைவர்களோடு நின்றிருந்தீர்கள். யார் இருக்கிறார்கள் என்றும் நான் பார்க்கவில்லை.

"எந்தக் கையால என்னக் கூட்டிட்டுப் போயி அடுப்பு முன்னால உட்கார வச்சீங்க, அந்தக் கையாலயே என் வாயில மண்ணைப் போடுறீங்களா அண்ணே? நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

மற்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நீங்கள் துடைக்கும் துணியை மடித்தீர்கள், பிரித்தீர்கள், மறுபடியும் மடித்தீர்கள்.

"பருப்பு கருகியிருக்கு தங்கச்சி. ஒரு நாளில்ல. போன வாரம் மூணு நாள் வந்து தின்னேன், மூணு நாளும் கருகியிருக்கு. மேலாப்புல எடுத்து வேற சட்டியில மாத்தி, பெருங்காயத்தை அள்ளிப் போட்டு மறைச்சிருக்க. கப்பல்ல வந்து பத்து நாளா நல்ல சோறு பார்க்காதவனை நான் எப்படி அங்க அனுப்புவேன்? என்னை நம்பித்தானே வாரான்?"

உண்மைதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

நீங்கள் அப்போது தலையைக் குனிந்தீர்கள். அதுவரைக்கும் உங்களை அப்படி நான் பார்த்ததில்லை.

"சொல்லியிருக்கணும். ஊருக்கெல்லாம் சொல்ற வாய்க்கு உங்கிட்டச் சொல்ல தைரியம் வரல. நீ அழுதுடுவியோன்னு பயம். தப்பு என்னோடதுதான்." பிறகு, மெதுவாக: "ஆனா நீ அடிப்பிடிக்க விடுற ஆளில்லையே. ஏன் கருகுது?"

ஒரு வாரமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எஸ்தருக்குக் காய்ச்சல், விட்டு விட்டு வருகிறது, பின்னறையில் போர்த்திப் படுக்கவைத்திருக்கிறேன், அடுப்புக்கும் அவளுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன், நடுங்கும்போது அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறேன், அந்த நேரத்தில் பருப்பு பிடித்துவிடுகிறது என்றெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவள் அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதை வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று பயந்து, நான் தவுக்கேயிடம்கூடச் சொல்லாமல் இருந்தேன்.

நீங்கள் உடனே மோட்டாரின் கதவைத் திறந்தீர்கள். உங்களுக்காகக் காத்திருந்த சவாரிக்காரரிடம் "வேற வண்டி பாருங்க சார்" என்ற சத்தம் மட்டும் கேட்டது. கடைக்கு ஓட்டிப் போய், பின்னறையிலிருந்து எஸ்தரைப் போர்வையோடு தூக்கி வந்து என் மடியில் போட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை வழியில் ஒரு குழியில்கூடச் சக்கரம் இறங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

பத்து நாள் அவள் அங்கே கிடந்தாள். பத்து நாளும் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அடுப்பு எரியவில்லை. கடை போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஸ்டேஷனில் நீங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. "நல்ல சோறு வேணும்னா ஒரு கடை இருக்கு. இப்ப மூடியிருக்கு, அந்தம்மா பிள்ளைக்குச் சொகமில்ல. திறந்ததும் போங்க." மூடிய கடைக்கு ஆள் சேர்த்தவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான்.

எஸ்தர் எழுந்து உட்கார்ந்து பசிக்குது என்றாள். மறுநாள் அடுப்பு மூட்டினேன். அன்றைக்குச் செய்த பருப்பை நான் நான்கு தடவை ருசி பார்த்தேன், அப்படியும் நம்பிக்கை வரவில்லை. பதினோரு மணிக்கு வந்து ஓரத்து மேஜையில் உட்கார்ந்தீர்கள். இலை போட்டேன். நீங்கள் சாப்பிடச் சாப்பிட, நான் முதுகைத் திருப்பிக்கொண்டு துடைத்த பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். இலையை மடித்துவிட்டு எழுந்தீர்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"பன்னெண்டு மணி ரயிலுக்கு எத்தனை இலை போடலாம்?" என்று கேட்டீர்கள்.

நான் அழுதேன். நீங்கள் பயந்தது கடைசியில் நடந்தேவிட்டது.

அதன் பிறகு எத்தனை வருஷம்! என் சமையலில் குறை இருந்தால் நேரே அடுப்படிக்கு வந்து சொல்ல ஆரம்பித்தீர்கள். "உப்பு இன்னிக்கு உன்னைவிட்டு ஓடிப்போச்சு" என்பீர்கள். நான் கோபித்துக்கொள்வேன். மறுநாள் திருத்திக்கொள்வேன். நன்றி என்ற சொல்லை நம் இருவரில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

கடைசி ஆறு மாசம் உங்கள் மோட்டாரை உங்கள் மச்சான் ஓட்டினார். நீங்கள் ஜெலாப்பாங் வீட்டில் படுத்திருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நானும் எஸ்தரும் கஞ்சி எடுத்துக்கொண்டு வருவோம். இஞ்சி தட்டிப் போட்டு, நெத்திலியைப் பொரித்து மேலே தூவியிருப்பேன். ஒருநாள் பாதியில் கரண்டியை நிறுத்தினீர்கள்.

"தங்கச்சி, இப்ப நாக்குல ஒண்ணும் தெரியல. நேத்து பக்கத்து வீட்டுக்காரன் எந்தக் கடை நல்லா இருக்குன்னு கேட்டான். தெரியலன்னு சொல்லிட்டேன்."

"பழைய நினைவுல சொல்ல வேண்டியதுதானே அண்ணே?"

"கடை மாறியிருக்கும்லா. போன வருஷத்து நாக்கை வச்சு இந்த வருஷம் வழி சொல்லலாமா?" என்றீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வாய் குடித்தீர்கள். "சூடா இருக்கு. அது தெரியுது. நல்லா இருக்கு."

நீங்கள் வாயைவிட்டு "நல்லா இருக்கு" என்று எனக்குச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அடுத்த ஞாயிறு வரைக்கும் நீங்கள் இருக்கவில்லை. உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று, ஸ்டேஷன் வரிசையில் மோட்டார் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உங்கள் பின்னால் வந்தன. தவுக்கே கடையை அடைத்துவிட்டு, நடந்தே வந்தார்.

இப்போது எதிர்வரிசையில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் சோற்றுக்கடை போட்டிருக்கிறாள். போன வாரம் ரயிலிலிருந்து இறங்கிய ஒருவர், சளி பிடித்த மூக்கோடு என் கடைக்கு வந்து, "நல்ல ரசமா கிடைக்குமாம்மா?" என்றார். நான் எதிர்க்கடையைக் கை காட்டினேன். எஸ்தருக்கு வந்ததே கோபம்! "வந்த ஆளை யாராவது அனுப்புவாங்களாம்மா? நம்மகிட்ட ரசம் இல்லையா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் மிளகை அரைக்காமல் தட்டிப் போடுகிறாள். நானே போய் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். அவள் ரசம் என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணே. அவளிடமே போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் தங்கச்சி