காலி அட்டைகள்

ஜனவரி 8
வடகவுஞ்சி போய்விட்டு இப்போதுதான் அட்டுவம்பட்டி பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். என் ஆய்வில் இருக்கிற ரத்த அழுத்தக்காரர்கள் எல்லார் வீட்டிலும் மாத்திரை அட்டை காலி. மிச்சம் இல்லையென்றால் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கு. பிறகு ஏன் அழுத்தம் ஏறுகிறது? ஸ்வெட்டரைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பொன்னுச்சாமிக்கு இருநூறு. மெஷின்மேல் சந்தேகப்பட்டு என் கையிலும் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டித் தொலைக்கிறது.

ஜனவரி 10
துறைத்தலைவர் பரமானந்தம் சார் கட்டுரையை இந்த மாதமே அனுப்பச் சொல்கிறார். அது அச்சில் வந்தால்தான் எனக்குப் பதவி உயர்வு. அழுத்தம் ஏறியதற்குக் குளிர் காரணம் என்று எழுத வேண்டுமாம். வடகவுஞ்சிக்காரர்களுக்குக் குளிர் புதுசா?

ஜனவரி 13
மாத்திரையே மட்டமோ என்று மருந்தகத்தில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜனவரி 17
இன்று முன்கூட்டிச் சொல்லாமல் வடகவுஞ்சி போனேன். பொன்னுச்சாமி பச்சை வேட்டியில், கழுத்தில் மாலையோடு. பழனிக்கு நடக்கப் போகிறார். அவர் மனைவி சண்முகசுந்தரி மாத்திரைகளைப் பிரித்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வெரதத்துல இங்கிலீஷ் மருந்து தொடமாட்டாகம்மா. மிச்சம் கெடந்தா நீங்க வருத்தப்படுவீங்க. நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக, மாலை போட்டதச் சொல்லவும் சங்கடமா இருந்துச்சு."

ஊரில் பாதிப் பேர் இப்படித்தானாம். அத்தனையும் எனக்காக. நான் என்ன பூதமா? அவர் வழியில் விழுந்து செத்தால் யார் பதில் சொல்வது?

அவர்களுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி கந்தவேலிடம் போய் நின்றேன். விரதம் கெடாமல் மாத்திரை சாப்பிட ஒரு வழி சொல்லக் கேட்டேன். அவர் சாமி படத்தைக் காட்டினார். "மாத்திரைய சாமி படத்துக்கு முன்னாடி வச்சு எடுத்துத் திங்கச் சொல்றேங்க."

ஜனவரி 20
மாத்திரைகள் அடுப்புக்குப் போனதைச் சாரிடம் சொன்னேன். "நீ அத பாக்கலைன்னு வச்சுக்கோ, பிரின்ஸி. இந்தத் தடவை விட்டா, அடுத்த வருஷம் பிரமோஷன் என்ன நிலைமையோ." வெளியே வந்து அழுதேன், கோபத்தில். கட்டுரையை அனுப்பவில்லை.

பிப்ரவரி 12
நேற்று தைப்பூசம். பொன்னுச்சாமி நல்லபடியாக மலையேறி இறங்கிவிட்டாராம். அப்பாடா.

மார்ச் 14
பதவி உயர்வு வந்தவர்களில் நான் இல்லை. அப்படியே வடகவுஞ்சிக்குப் பஸ் ஏறினேன்.

சண்முகசுந்தரி தானாகவே அட்டையை எடுத்து வந்து நீட்டினார். "ரெண்டு மூணு நாளு போடலம்மா. தோட்டத்துச் சோலியில மறந்துட்டாக. வையாதீங்க."

அட்டையில் மாத்திரைகள் மிச்சமிருந்தன. நான் வையவில்லை. காப்பி இருக்கிறதா என்று கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.