அமராவதிபுதூர்க்காரரும் என் வயிறும்

ஐப்பசி, புதன்

காலையிலிருந்து தூறல். காரைக்குடி ஆஸ்பத்திரி, மாடி வார்டு. நாளை ஆபரேஷன். பெருங்குடலில் கட்டி, புற்று. முதல் ஆள் நான். அடுத்துப் பக்கத்துக் கட்டில் அமராவதிபுதூர்க்காரர். அவருக்கும் இதே வியாதி.

குடலைக் கழுவ பேதி மருந்து, இரண்டு லிட்டர். உப்புக் கரிக்கிற சனியன். சோறு கிடையாது. கிருமி வராமலிருக்க மாத்திரை வேறு.

அந்த மனுஷர் மடமடவென்று குடிக்கிறார். என் மனைவி செல்வி ஆரம்பித்துவிட்டாள்: "அந்த அண்ணனைப் பாருங்க, எப்படிக் குடிக்கிறாக! நீங்களும்தான் இருக்கீகளே." அவருக்கு இளநீர் வேறு வாங்கிக் கொடுத்தாள்.

மதியம் நர்ஸ் அவரிடம்: "ஐயாவுக்குத் தண்ணியாட்டம் தெளிஞ்சிருச்சே!" எனக்கு இன்னும் மஞ்சள். அடுத்தவன் வெளிக்குப் போனதைப் பார்த்துப் பொறாமை. எழுதவே வெட்கம்.

சாயங்காலம் எனக்கும் தெளிந்தது. யாரும் பாராட்டவில்லை. மருந்து சோப்பில் குளிக்கச் சொன்னார்கள். சுத்தத்திலாவது அவரை மிஞ்ச வேண்டாமா? குன்றக்குடி கோயிலில் எத்தனை முறை என் தலையை மொட்டை போட்டிருக்கிறேன்! சுத்தம் என்றால் எனக்குச் சவரம்தான். பாத்ரூமில் வயிற்று முடியை பிளேடால் மழித்தேன். இரண்டு கீறல். பரவாயில்லை, வழவழவென்று இருக்கிறது.

வியாழன்

டாக்டர் வயிற்றைப் பார்த்ததும் கத்தினார். "பிளேடு வைக்கச் சொன்னது யாரு? முடி எடுக்கணும்னா நாங்களே மெஷின்ல எடுப்போமே. இந்தக் கீறல் வழியாத்தான் கிருமி உள்ள போகும்."

தோல் சிவந்து பொரிந்திருக்கிறது. ஆறட்டும், திங்கள் பார்க்கலாம் என்றுவிட்டார். என் இடத்தில் அமராவதிபுதூர்க்காரரை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

உள்ளே இருக்கிற கட்டி அதுவரை சும்மா இருக்குமா? பயமாக இருக்கிறது.

சனி

நல்ல வெயில். அமராவதிபுதூர்க்காரருக்குக் காத்துப் பிரிந்துவிட்டதாம். குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். அவர் மனைவிக்குச் சிரிப்பு, நர்ஸுக்குச் சிரிப்பு, செல்விக்கும். ஒரு குசுவுக்கு இவ்வளவு கொண்டாட்டமா?

ஞாயிறு

கீறல் ஆறிவிட்டது. மறுபடியும் இரண்டு லிட்டர். மூன்றாவது கிளாஸில் குமட்டல். கீழே வைத்தேன். செல்வி வாயைத் திறப்பதற்குள், "போ, அந்தாளையே போய்ப் பாரு" என்று கத்தினேன்.

அழுதுவிட்டாள். "கூறு இருக்கா உங்களுக்கு? ரோசத்துலயாவது குடிப்பீகன்னுதானே அவுகளைச் சொன்னேன். அவுக எப்படிக் குடிச்சா எனக்கென்ன?"

கேட்டேன். "நாளைக்கு நான் எந்திரிக்காமப் போயிட்டா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு கிளாஸை நீட்டினாள். "எந்திரிப்பீக. அவுகளவிட வெரசா நடக்கணும்ல?"

குடித்தேன். இன்னும் பாதி இருக்கிறது.