மருந்துக்கு விலையாகக் கேட்கப்பட்ட முகம்

அனுப்புநர்:
சுவரொட்டியில் உள்ள பெண்ணின் அக்கா,
சலவைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி.
(என் பெயர், முழு முகவரி, தங்கையின் மருந்துச் சீட்டு எண் ஆகியவை மூடிய உறையில் தனியாக உள்ளன. அவற்றைச் சுவரில் ஒட்ட வேண்டாம்.)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: இன்சுலின் பெறப் புகைப்படம் கட்டாயம் என்ற நடைமுறையை நீக்கவும், நிறுத்தி வைத்த மருந்தை உடனே வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மன்னிப்புக் கடிதம் கேட்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியது.

மதிப்பிற்குரிய ஐயா,

மருத்துவமனை எங்களிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக இந்த மனுவைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

1. என் தங்கை சட்டைக் காலர் தைப்பவள். பள்ளி நாளிலிருந்து சர்க்கரை நோய். அவள் உடலில் இன்சுலின் சுரப்பதில்லை. மாத்திரையோ பத்தியமோ அதை ஈடுசெய்யாது. தினமும் ஊசி. ஊசி நின்றால் சில நாட்களில் அவளும் நின்றுவிடுவாள். தாங்கள் அறியாததல்ல. கோப்பில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2. முன்பெல்லாம் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றோம், சீட்டைக் காட்டினோம், மருந்தை வாங்கினோம். சென்ற ஆண்டு முதல் ஒரு கொடையாளர் அமைப்பு மருந்தை வழங்குகிறது. கவுன்ட்டருக்கு எதிரே கேமரா வந்தது. மருந்துப் பெட்டியை அமைப்பின் பெயர் தெரியும்படி மார்புக்கு நேராகப் பிடிக்க வேண்டும். மறு கையை நெஞ்சில் வைக்க வேண்டும். சிரிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் "நன்றி" என்று அச்சிட்ட துணிப் பதாகை.

3. அந்தப் பதாகை கட்டியுள்ள சுவரில் தங்கள் துறை எப்போதோ எழுதிய வாசகம் ஒன்று இருக்கிறது. இப்போது அதன் முதல் சொல் மட்டும் துணிக்கு மேலே தெரிகிறது: "அனைவருக்கும்." என்ன அனைவருக்கும் என்பது துணிக்குப் பின்னால் இருக்கிறது.

4. முதல் முறை என் தங்கை சிரித்தாள். புகைப்படக்காரர் வழக்கமாகத் திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். "மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பற போட்டோன்னு நெனச்சுக்கம்மா" என்றார். அந்தச் சிரிப்பு அதற்கு வந்தது. நன்றிக்கு வந்ததாக எந்த அறிக்கையிலும் சேர்க்க வேண்டாம்.

5. படம் பேருந்து நிலையத்தில் சுவரொட்டியானது. எங்களை யாரும் கேட்கவில்லை. "உங்கள் கருணையால் இவள் இன்னும் உயிரோடு" என்று கீழே எழுதியிருந்தார்கள். தையல் நிறுவனத்தின் சூப்பர்வைசர் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருகிறார். மறுநாளே அவளை அழைத்து, "நீ மயங்கி மிஷின் மேல விழுந்தா யாரும்மா பதில் சொல்றது? வீட்லயே ரெஸ்ட் எடு" என்று அனுப்பிவிட்டார். அவள் ஒரு நாளும் மயங்கி விழுந்ததில்லை. ஊசி போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

6. அம்மா போய்ச் சுவரொட்டியைக் கிழித்தார். நல்ல பசை. முகத்தில் பாதிதான் வந்தது. இப்போது அங்கே வாய் மட்டும் இருக்கிறது, சிரித்தபடி. பொதுச் சுவருக்குச் சேதம் என்று வழக்குப் போடுவதானால் போடலாம். அம்மா வருவார்.

7. நாங்கள் நன்றி கெட்டவர்கள் என்று மருத்துவமனையில் சொல்லப்பட்டதால் இதையும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. தங்கையின் மருந்து தெருமுனைக் கடையில், சோடா பாட்டில்களுக்கு நடுவே இருக்கிறது. கடைக்கார அண்ணன் அதற்காக எதுவும் கேட்டதில்லை. ஒருமுறை தங்கை நன்றி சொன்னதற்கு எரிந்து விழுந்தார்: "தேங்க்ஸ எடுத்து பாக்கெட்ல வச்சுக்க. மொதல்ல கதவ சாத்து, கூலிங் போகுது."

8. சென்ற மருந்து நாளில் குழுப் படம் என்றார்கள். எடுத்து முடித்த பிறகே கவுன்ட்டர் திறக்கும். பதாகையின் முன் வரிசையாக நிறுத்தினார்கள். என் தங்கை மாட்டேன் என்றாள். மருந்தாளுநர் வெளியே வந்தார்.

"ரெண்டு நிமிஷ வேலை. இதுல என்னம்மா கௌரவம்?"

"மொத தடவ எடுத்ததே இன்னும் பஸ் ஸ்டாண்டுல சிரிக்குது சார். அதையே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

பக்கத்தில் ஒரு ஆட்டோ ஓட்டுநர் நின்றிருந்தார். எங்களுக்கு அறிமுகம் இல்லாதவர். "எனக்கும் இன்னிக்கு மூஞ்சி சரியில்ல சார், ஷேவ் பண்ணல" என்று அவரும் திரும்பினார். இடுப்பில் குழந்தையோடு இருந்த பெண் திரும்பினார். குழந்தையின் தலையையும் திருப்பிவிட்டார். பிறகு எல்லோரும்.

யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன்.

புகைப்படக்காரர் படத்தை எடுத்துவிட்டார். வரிசை கலைவதற்குள் எடுப்பது அவர் தொழில் பழக்கம். பிறகு எனக்கு ஒரு பிரதி தந்தார். "இந்த ஆஸ்பத்திரியில நான் எடுத்ததுலயே ஒழுங்கா நின்ன குரூப் போட்டோ இதுதாம்மா" என்றார்.

9. அன்று கவுன்ட்டர் திறக்கவில்லை.

10. மன்னிப்பு எழுதித் தருபவருக்கு மருந்து என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். சிலர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. குழந்தையின் தாய் எழுதிக் கொடுத்தார், மருந்து குழந்தைக்கு. வெளியே வந்து என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்காத கண்ணு" என்றார். ஒரு தாயை என் தங்கையிடம் இப்படிச் சொல்ல வைத்ததற்கு மட்டுமாவது தங்கள் துறை விளக்கம் தர வேண்டும்.

நானும் ஒரு தாளை எடுத்தேன். "மன்னிக்கவும்" என்று எழுதினேன். எதற்காக என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

11. சோடா பாட்டில்களுக்கு நடுவே உள்ள குப்பியில் மருந்து அடியில்தான் இருக்கிறது. தங்கை அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறாள். அளவைக் குறைத்தால் சாப்பாட்டையும் குறைக்க வேண்டும் என்று அவளே ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். அது தவறான கணக்கு. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கேட்டால் பசி இல்லை என்கிறாள். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறாள்.

12. தெருவிளக்கின் கீழ் நடப்பவரை நிறுத்தி, விளக்குக்கு நன்றி சொல்லச் சொல்லி யாரும் படம் எடுப்பதில்லை. மாதச் சம்பளத்தை மார்போடு பிடித்துக்கொண்டு சிரிக்குமாறு தங்களிடமும் யாரும் கேட்பதில்லை என்று நம்புகிறேன். நோய் வந்ததால் என் தங்கையின் முகம் பொதுச் சொத்தாகிவிடவில்லை. மருந்து யார் பணத்தில் வந்தாலும், அவள் கைக்கு வரும்போது அது அவள் உரிமையாக வர வேண்டும்.

ஆகவே:

என் தங்கைக்கும், அன்று மருந்தில்லாமல் திரும்பிய ஒவ்வொருவருக்கும் இன்சுலின் இன்றே வழங்கப்பட வேண்டும். மற்றவை நாளை நடக்கலாம். இது நாளை வரை பொறுக்காது.

மருந்து தரும் கூடத்திலிருந்து கேமராவும் பதாகையும் அகற்றப்பட வேண்டும். சிகிச்சைக்கு நிபந்தனையாக எவர் படமும் எடுக்கப்படாது என்று தங்கள் கையொப்பத்தோடு அங்கே ஆணை ஒட்டப்பட வேண்டும். அதற்கு எந்தப் பசை நல்லது என்று மருத்துவமனைக்குத் தெரியும்.

எழுதி வாங்கிய மன்னிப்புகளை எழுதியவர்களிடமே திருப்பித் தர வேண்டும்.

அவள் தையல் வேலை செய்யத் தகுதியானவள் என்ற மருத்துவச் சான்றும் வேண்டும். சூப்பர்வைசரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பேருந்து நிலையத்தில் மீதமுள்ள வாயையும் எடுத்துவிட வேண்டும்.

இத்தகைய மனுக்களை நன்றி என்று முடிப்பது வழக்கம். அந்தச் சொல் எங்கள் வீட்டில் இல்லாமல் இல்லை. கடைக்கார அண்ணனைக் கேட்டால் சொல்வார். இங்கே அதை எழுதவில்லை. தங்கள் பதிலுக்காக மருந்துக் கூடத்தின் வெளியே உள்ள பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

இடம்: மேற்படி பெஞ்சு
நாள்: மருந்து நாள், கவுன்ட்டர் திறக்கும் முன்

இப்படிக்கு,
(கையொப்பம்)
அக்கா

இணைப்பு: புகைப்படம் ஒன்று. இடமிருந்து மூன்றாவது முதுகு என் தங்கையுடையது. அந்தச் சட்டையின் காலர் அவளே தைத்தது. அவளிடம் மருந்தைக் கொடுக்க இந்த அடையாளம் போதும்.